கானாவின் வோல்டா பகுதியில் ஏழு நாள்: மலை, அருவி, தறி, கடல் – முழுமையான வழிகாட்டி

அக்ராவிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வ்லி அருவியைப் பார்த்துவிட்டு, ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று ஒரு நாள் சுற்றுலா விற்பவர்கள் இருக்கிறார்கள். போக வர பத்து மணி நேரம் வண்டி, அருவிக்கு முன்னால் முக்கால் மணி நேரம். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். அந்தப் பயணத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது முன் இருக்கையின் முதுகுதான். இரண்டாவது தடவை ஒரு வாரம் ஒதுக்கினேன். கீழே இருப்பது அந்த இரண்டாவது பயணத்தின் வழி.

வோல்டா பகுதி கானாவின் கிழக்கு ஓரம். மேற்கே வோல்டா ஏரி, கிழக்கே டோகோ நாட்டு எல்லை, தெற்கே அட்லாண்டிக். எல்லையை ஒட்டி வடக்கு தெற்காகப் பச்சை மலைத்தொடர் ஓடுகிறது. பழைய பயண நூல்களில் கேட்டே க்ராச்சி, என்க்வான்டா எல்லாம் வோல்டாவில் இருக்கும். 2019இல் வடபாதியைப் பிரித்து ஓட்டி என்று தனிப் பகுதி ஆக்கிவிட்டார்கள். நாம் போகப்போவது மீதமிருக்கும் தென்பாதிக்கு.

பெரும்பாலானவர்கள் எவே மக்கள். மலைகளில் அவடிமே, லோக்பா, தாஃபி என்று சின்னச் சின்னச் சமூகங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்த மொழி. மலைப் பக்கம் 1884 முதல் ஜெர்மானியரின் டோகோலாந்து. முதல் உலகப் போரில் அதைப் பிடித்த பிரிட்டனும் பிரான்சும் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டன. பிரிட்டிஷ் பங்கு 1956 மே மாத வாக்கெடுப்பில் கோல்ட் கோஸ்ட்டோடு (கானாவின் அன்றைய பெயர்) சேர முடிவெடுத்து, 1957 மார்ச் 6இல் சுதந்திர கானாவுக்குள் வந்தது. எவே மக்கள் இரண்டு நாட்டிலும் இருக்கிறார்கள். அக்கா வீடு இங்கே, மாமா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் என்பது சாதாரணம்.

போவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே அருவி, மலை, குரங்குக் காடு எல்லாமே ஏதோ ஒரு ஊருக்குச் சொந்தம். ஊருக்குள் போய், வணக்கம் சொல்லி, பதிவேட்டில் பெயர் எழுதி, கட்டணம் கட்டி, ஊர்ப் பையன் ஒருவனை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டுதான் எதையும் பார்க்க முடியும். இதைத் தொந்தரவாக நினைப்பவருக்கு வோல்டா பிடிக்காது. இதுதான் பயணமே என்று எடுத்துக்கொண்டால் ஒரு வாரம் போதாது.

முதல் படி: ஊசியும் விசாவும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் அதே அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். துறைமுக சுகாதார அலுவலகங்களிலும் விசாரிக்கலாம். எல்லா நாளும் போடமாட்டார்கள், முன்பதிவு வேண்டும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும் என்பதால் பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

மலேரியா அடுத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, ஆளைக் கொல்லக்கூடியது. "நம்ம ஊர் கொசுவையே பார்த்தவன்" என்ற வீரம் வேண்டாம். அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில், டாக்ஸிசைக்ளின் போன்ற தடுப்பு மாத்திரைகளில் எது உங்களுக்கு ஏற்றது என்று டாக்டரைக் கேட்டு, திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள்.

இந்தியர்களுக்கு விசா வேண்டும். கானா தூதரகம் புதுதில்லியில். நடைமுறை அவ்வப்போது மாறுகிறது, விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டே ஆவணங்களைச் சேருங்கள். விமானம் துபாய் அல்லது அடிஸ் அபாபா மாறிப் போகும். கானா நேரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் பெரும்பாலும் இங்கிலாந்து பாணிச் சதுர முனை ப்ளக், ஒரு அடாப்டர் போதும்.

எந்த மாதம்

தென்கானாவில் இரண்டு மழைக்காலம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பெரிய மழை, செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை சின்ன மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியை அள்ளி வரும். உதடு வெடிக்கும், மலை உச்சியில் நின்றால் பக்கத்து மலைகூட சாம்பல் நிழலாகத்தான் தெரியும்.

அருவி நிரம்பியிருக்க வேண்டும், பாதையும் ரொம்ப வழுக்கக் கூடாது, வானமும் தெளிவாக இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. நவம்பர் முதல் சனிக்கிழமையை உங்கள் வாரத்துக்குள் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. காரணத்தைக் கேட்டா வரும்போது சொல்கிறேன்.

பணம், வண்டி, தண்ணீர்

கானா நாணயத்தின் பெயர் செடி (cedi). உள்ளூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் செல்போனில் மோமோ (மொபைல் மணி) அனுப்புகிறார்கள், நமக்கு ரொக்கம்தான். ஹோ, ஹோஹோய் ஊர்களில் ஏடிஎம் உண்டு. மலைக் கிராமங்களில் இருக்கும் என்று நம்பாதீர்கள். நூறு செடி நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள், அதனால் சின்ன நோட்டுகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

வண்டிக்கு இரண்டு வழி. அக்ராவில் ஓட்டுநரோடு கார் எடுப்பது ஒன்று. மூன்று நான்கு பேர் சேர்ந்தால் இதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்று ட்ரோட்ரோ. பழைய வேனில் நான்கு வரிசை இருக்கை போட்டது. ஓட்டுநரின் உதவியாளரை மேட் என்பார்கள், பணம் வாங்குவதும் ஊர் பெயரைக் கத்துவதும் அவர் வேலை. புறப்படும் நேரம் என்று ஒன்று கிடையாது, வண்டி நிரம்பினால் கிளம்பும். காலை ஆறு மணிக்கு நிலையத்துக்குப் போனால் அரை மணியில் நிரம்பும், பதினொரு மணிக்குப் போனால் மதியச் சாப்பாடு அங்கேயேதான். இருட்டிய பிறகு எந்த வண்டியிலும் போகாதீர்கள். விளக்கில்லாத லாரி, சாலைப் பள்ளம், ஆடு மூன்றும் ஒரே வளைவில் காத்திருக்கும்.

இன்னொரு விஷயம் எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை, நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். வெள்ளி, சனி இரவுகளில் சின்ன ஊர்களில் அறை கிடைக்காது. கானாவில் இறுதிச்சடங்கு வார இறுதியில்தான், பெரிய அளவில், வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து தங்கும். கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் அறையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்கலாம். வார இறுதி இரவுகளை மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

குடிக்க அரை லிட்டர் பாக்கெட் தண்ணீர், 'ப்யூர் வாட்டர்' என்று தலையில் கூடை வைத்து விற்பார்கள். மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்ச வேண்டும். ஏரியிலோ தேங்கிய ஆற்றுநீரிலோ காலை நனைக்காதீர்கள். நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய் இருக்கிறது. அணை கட்டி நீர் தேங்கிய பிறகு ஏரிக்கரை ஊர்களில் அது பெருகியது.

வணக்கம் சொல்லத் தெரியாமல் போகாதீர்கள்

ஆங்கிலம் ஆட்சிமொழி, சமாளிக்கலாம். ஆனால் இரண்டு எவே சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். "வேசோ" என்றால் வருக. யாராவது அப்படிச் சொன்னால் "யோ" என்று இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். "அக்பே" என்றால் நன்றி. வழி கேட்பதற்கு முன்னால்கூட வணக்கம், நலமா, வீட்டில் நலமா என்று ஒரு சுற்று முடிய வேண்டும். நேராகக் கேள்விக்குப் போவது அநாகரிகம்.

இடது கையால் கொடுப்பது, வாங்குவது, சுட்டிக்காட்டுவது எல்லாம் அவமரியாதை. இதை வெள்ளைக்காரப் பயணிகளுக்கு ஒரு பக்கம் விளக்கி எழுதுவார்கள், நமக்கு ஒரு வரி போதும்.

ஊர்த்தலைவரை "டோக்பே" என்று அழைக்கிறார்கள், தாத்தா என்று பொருள். அவரைப் பார்க்க நேர்ந்தால் நேரடியாகப் பேசக் கூடாது. பக்கத்தில் ட்சியாமி என்ற பேச்சாளர் இருப்பார். நீங்கள் அவரிடம் சொல்ல, அவர் தலைவரிடம் சொல்வார், மூவரும் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான். ஒரு புட்டி ஷ்னாப்ஸ் என்ற மது கொண்டுபோவது வழக்கம். அதில் கொஞ்சம் முன்னோருக்கென்று தரையில் ஊற்றப்படும்.

குழந்தைகள் "யேவு, யேவு" என்று கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். வெள்ளைக்காரர் என்று அர்த்தம், வெளியூர்த் தோற்றம் உள்ள யாருக்கும் பொருந்தும். என் நிறத்துக்கு அந்தப் பட்டம் கிடைத்தது எனக்கே ஆச்சரியம். பெரியவர்கள் இந்தியா என்று தெரிந்ததும், ட்வி மொழியில் டப் செய்து ஓடும் இந்தி சீரியல்களின் கதாநாயகிக்கு அடுத்து என்ன ஆகும் என்று விசாரிப்பார்கள். தெரியாது என்றால் நம்பமாட்டார்கள்.

முதல் நாள்: அக்ரா – அணை – ஹோ

ஹோ சுமார் 160 கிலோமீட்டர். நிற்காமல் போனால் மூன்றரை மணி நேரம். நிறுத்திப் போங்கள். அட்டிம்போக்குவில் வோல்டா ஆற்றைத் தாண்டும் அடோமி பாலம் 1957இல் திறந்தது. இரும்பு வளைவிலிருந்து தொங்கும் பாலம். பாலத்தடியில் வண்டி நின்றதும் ஜன்னல் முழுக்கத் தட்டுகள். அபோலோ என்ற வெள்ளை மாவுப் பண்டம், புளித்த மாவை இலையில் வைத்து ஆவியில் வேகவைத்தது, லேசான தித்திப்பு. அதோடு விரல் நீளம்கூட இல்லாத பொரித்த மீன். அதற்குப் பெயர் 'ஒன் மேன் தவுசண்ட்': ஒரு ஆள் ஆயிரம் சாப்பிடலாம் என்ற கணக்கு. இங்கே சாப்பிடாமல் தாண்டிப் போவது தவறு.

பக்கத்தில் அகோசோம்போ அணை. வோல்டா நதி ஆணையத்தின் அனுமதியோடு சுற்றிக் காட்டுவார்கள். அனுமதி இல்லாமல் பாலத்தையோ அணையையோ படம் எடுக்க வேண்டாம். 1961இல் தொடங்கி 1965இல் முடித்தார்கள். 1966 ஜனவரியில் அதிபர் குவாமே நிக்ருமா திறந்து வைத்தார், அடுத்த மாதமே ராணுவம் அவரைக் கவிழ்த்தது. பின்னால் விரிந்த ஏரி சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். நீர்ப்பரப்பளவில் மனிதன் உருவாக்கிய ஏரிகளில் இதுவே பெரியது. ஏறத்தாழ 80,000 பேர் ஊரை விட்டு 52 புதுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். 2023இல் அணையைத் திறந்துவிட்டபோது கீழ்க்கரை ஊர்கள் மூழ்கின. ஆக, கானாவுக்கு விளக்கு போட்ட அணைதான். வோல்டாக்காரர்களிடம் பேசினால் அதைப் பற்றிய குரல் வேறு மாதிரி இருக்கும். கேளுங்கள்.

மாலைக்குள் ஹோ. பகுதியின் தலைநகர், அமைதியான ஊர். அருங்காட்சியகம் ஒரு மணி நேரத்துக்கு ஏற்றது. தெற்கே தனியாக நிற்கும் அடாக்லு மலையை மாலை வெயிலில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு இந்த வாரத்தில் நேரம் இல்லை.

இரண்டாம் நாள்: அமெட்ஸோஃபே

ஹோவிலிருந்து காலையில் கிளம்பி வானே வழியாக மலையேறினால் ஒன்றரை மணி நேரத்தில் அமெட்ஸோஃபே. கானாவின் உயரமான ஊர்களில் ஒன்று. எவே மொழியில் பெயருக்கு 'மனிதர் பிறந்த இடம்' என்று அர்த்தம், ஆனால் ஊர்க்காரர்கள் அவடிமே சமூகம், பேசுவது வேறு மொழி. ஜெர்மன் மிஷனரிகள் கட்டிய கல் தேவாலயமும் பள்ளியும் இன்னும் ஊரின் நடுவில் இருக்கின்றன. ஊருக்கு மேலே கெமி மலை, முக்கால் மணி நேர ஏற்றம், உச்சியில் அவர்கள் நட்ட இரும்புச் சிலுவை. சிலுவையடியில் நின்றால் ஒரு பக்கம் ஏரி பளபளக்கும், இன்னொரு பக்கம் மலைமேல் மலை.

கீழே ஓட்டே அருவிக்குப் போகிறவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். முழங்கால் சரியில்லாதவர்கள் கெமியோடு நிறுத்திக்கொள்ளலாம். அவடிமே மக்கள் சிவப்பரிசி விளைவிக்கிறார்கள், அதற்கென்று திருவிழாவே உண்டு. மதியத்துக்கு அந்தச் சோறு கிடைக்குமா என்று காலையிலேயே கேட்டு வையுங்கள், சமைக்க நேரம் வேண்டும். இரவு இங்கேயே தங்குங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் போர்வை தேவைப்பட்ட ஒரே இரவு எனக்கு இதுதான்.

மூன்றாம் நாள்: குரங்குகளும் தறியும்

விடியும் முன்பே கிளம்ப வேண்டும். ஹோஹோய் சாலையில் லோக்பா அலாக்பெட்டியில் பிரிந்து உள்ளே போனால் தாஃபி அடோமே. அங்கே காட்டில் வாழும் மோனா குரங்குகள் காலையிலும் மாலையிலும்தான் ஊர்ப்பக்கம் வரும். நடுப்பகலில் போனால் மரத்தைத்தான் பார்க்கலாம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் முன்னோர்கள் மேற்கே அசின் பக்கத்திலிருந்து தங்கள் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் காட்டில் வைத்தார்கள், குரங்குகளும் கூடவே வந்தன, அதனால் அவை தெய்வத்தின் ஆட்கள் என்பது ஊர்க் கதை. கிறித்தவம் பரவியபோது பயம் குறைந்து, காடும் குரங்கும் குறைந்தன. 1990களில் ஊரே கூடிப் பாதுகாக்க முடிவெடுத்து, வருமானத்தை ஊருக்குத் திருப்பிவிட்டது. வழிகாட்டி வாழைப்பழத்தை இறுகப் பிடிக்கச் சொல்வார். குரங்கு கையில் உட்கார்ந்து தோலை உரித்துத் தின்னும். நீங்கள் கொண்டுவந்த பிஸ்கட், சிப்ஸ் எதையும் நீட்டாதீர்கள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வையுங்கள். கடித்தாலோ கீறினாலோ வெறிநோய் ஊசி போட்டே ஆக வேண்டும், வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள்.

இனி தாஃபி அபுய்பே, பக்கத்து ஊர், பட்டை பட்டையாக நெய்து சேர்க்கும் வண்ணத் துணியான கென்டேயை நெய்பவர்கள் ஊர். கென்டே என்றாலே அஷாந்திக்காரர்கள் தங்களுடையது என்பார்கள், எவேக்காரர்கள் சிரித்துவிட்டு வேறு கதை சொல்வார்கள். நான் இதில் தலையிடுவதில்லை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கென்டே நெசவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இரண்டு பக்கமும் கொண்டாடினார்கள்.

தறியைப் பாருங்கள். நெய்கிறவர் உட்கார்ந்திருக்கும் சட்டத்திலிருந்து பாவு பத்து இருபது அடி தரையோடு நீண்டு போகும். மறுமுனையில் கனமான கல்லை ஒரு பலகையில் வைத்துக் கட்டியிருப்பார்கள். நெய்ய நெய்ய பாவு சுருண்டு வர, கல் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே அவரை நோக்கி நகரும். காலையில் கல் எங்கே இருந்தது, மாலையில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அன்றைய உழைப்பு தெரியும். மிதியைக் கால்விரல் இடுக்கில் பிடித்து மாற்றுகிறார்கள். வருவது நான்கு அங்குல அகலப் பட்டை மட்டும்தான். அப்படி இருபது இருபத்திநான்கு பட்டைகளை ஓரம் சேர்த்துத் தைத்தால் ஆண் உடுத்தும் ஒரு போர்வைத் துணி. எவே கென்டேயின் தனிச் சிறப்பு, கட்டங்களுக்கு நடுவே மீன், பறவை, கை, முக்காலி என்று ஊடுநூலில் ஏற்றும் சின்ன உருவங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு பழமொழி இருக்கும். என்ன என்று கேட்காமல் வாங்காதீர்கள், பாதி மதிப்பு அந்தப் பதிலில்தான்.

அக்ரா கடைகளில் மலிவாகத் தொங்குவது அச்சடித்த துணி. திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சு. நெய்ததில் பட்டைகளைச் சேர்த்த தையல் கைக்குத் தட்டுப்படும். முழுத் துணி வாங்கப் பணம் இல்லையென்றால் ஒற்றைப் பட்டை வாங்கலாம். பேரம் பேசலாம், ஆனால் நகர்ந்து வந்த அந்தக் கல்லைப் பார்த்த பிறகு எனக்கு ரொம்பக் குறைக்க வாய் வரவில்லை. கென்டேயில் ஆர்வம் அதிகமானால், ஹோவுக்குக் கிழக்கே அகோடிமே க்பெட்டோயேயில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நடக்கும் கென்டே திருவிழாவுக்குத் தனியாக ஒரு தடவை வர வேண்டும்.

மாலைக்குள் ஹோஹோய் வழியாக வ்லி. அருவிக்கு அருகில் சின்ன விடுதிகள் இருக்கின்றன.

நான்காம் நாள்: வ்லி

மேற்கு ஆப்பிரிக்காவிலேயே உயரமான அருவி என்பார்கள். எத்தனை மீட்டர் என்பதற்கு ஒவ்வொரு பலகையும் ஒவ்வோர் எண் சொல்லும், விட்டுவிடுங்கள். உள்ளூர்ப் பெயர் அகுமட்சா. கீழருவிக்கு ஊர் அலுவலகத்தில் சீட்டு வாங்கி, சமதளக் காட்டுப்பாதையில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், அதே ஓடையைச் சின்னச் சின்னப் பாலங்களில் திரும்பத் திரும்பத் தாண்டி. பாலங்களை எண்ணிக்கொண்டு போனால் குழந்தைகள் சோர்வதில்லை. பாதையோரம் கோகோ மரங்கள், அடிமரத்திலேயே காய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அருவி முன்னால் வந்ததும் முதலில் காற்று அடிக்கும், அப்புறம்தான் தண்ணீர் தெரியும். மேலே பாறைச் சுவரில் கறுப்புக் கறையாகத் தெரிவது பாசி இல்லை, பழந்தின்னி வௌவால்கள், ஆயிரக்கணக்கில். யாராவது கைதட்டினால் கறை பிய்ந்து பறக்கும். நீங்கள் தட்டாதீர்கள். நீர் விழும் குளத்தில் எல்லோரும் குளிக்கிறார்கள், ஓடும் நீர், இடுப்பளவுதான். நேர் அடியில் மட்டும் போகாதீர்கள்.

மேலருவி வேறு விளையாட்டு. செங்குத்தான ஏற்றம், போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், வழிகாட்டி கட்டாயம். காலை ஏழு மணிக்குள் தொடங்கினால்தான் உண்டு. மழை பெய்த மறுநாள் என்றால் விட்டுவிடுங்கள். அங்கிருந்து டோகோ எல்லை எட்டிப்பிடிக்கும் தூரம், வழிகாட்டியை விட்டு விலகி நடந்தால் தெரியாமலேயே வேறு நாட்டுக்குள் போய்விடலாம், பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாமல்.

ஐந்தாம் நாள்: அஃபாட்ஜா

லியாட்டி வோட்டே கிராமத்தின் தலைமேலேயே நிற்கிறது கானாவின் உயரமான சிகரம், 885 மீட்டர். வரைபடங்களில் 'மவுண்ட் அஃபாட்ஜாட்டோ' என்று இருக்கும். எவே மொழியில் 'டோ' என்றாலே மலை, ஆக 'மலை அஃபாட்ஜாமலை'. எண்ணைப் பார்த்து இளக்காரம் செய்யாதீர்கள். வளைந்து போகிற பாதை கிடையாது, நேராக மேலே. ஒன்றரை மணி நேரத்தில் உச்சி, ஆனால் அந்தத் தொண்ணூறு நிமிடமும் மூச்சு வாங்கும்.

நான் பத்து மணிக்குத் தொடங்கி, பாதி வழியில் தண்ணீர் தீர்ந்து, என் வழிகாட்டிப் பையனின் பாக்கெட் தண்ணீரைக் குடித்தவன். அவன் ரப்பர் செருப்போடு ஏறினான். நீங்கள் ஆறரைக்குத் தொடங்குங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர், பிடிமானமுள்ள காலணி. இறங்குவதுதான் முழங்காலைச் சாப்பிடும், ஊரில் ஒரு கம்பு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பியதும் கோகோத் தோட்டம் வழியாக நாற்பது நிமிடம் நடந்தால் டாக்போ அருவி. வ்லியைவிடச் சிறியது, ஆள் கிடையாது, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது.

ஆறு, ஏழாம் நாள்: கேட்டா கரை

ஹோஹோயிலிருந்து கேட்டா ஒரு முழு நாள் பயணம், ஹோவில் வண்டி மாற வேண்டும். மலை கரைந்து, பனையும் புல்வெளியுமாகி, கடைசியில் இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் கேட்டா காயல், கானாவின் மிகப் பெரிய காயல், மறுபக்கம் அட்லாண்டிக், நடுவில் மணல் திட்டில் ஊர். கடல் இந்த ஊரை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தின்றுகொண்டிருந்தது. 2000களின் தொடக்கத்தில் கற்சுவர் கட்டி முடித்த பிறகுதான் ஓரளவு நின்றது.

டேனியர் 1784இல் கட்டிய ப்ரின்ஸென்ஸ்டைன் கோட்டையிலும் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மிச்சத்தைப் பார்க்கலாம், உலகப் பாரம்பரியச் சின்னமாக 1979இல் அறிவித்த கானா கோட்டைகளில் இதுவும் ஒன்று. அடிமைகளைக் கப்பல் வரும்வரை அடைத்து வைத்த அறைகள், விலங்குகள், பின்னாளில் சிறையாக இருந்த சுவடு. காவலரே காட்டி விளக்குவார். அவசரப்படாதீர்கள், செல்ஃபி வேண்டாம்.

அன்லோகா பக்கம் போனால் மணலில் சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டி விளைவிப்பது சின்ன வெங்காயம். ஆமாம், நாம் சாம்பாருக்கு உரிக்கும் அதே சின்ன வெங்காயம்தான். வெறும் கடல் மணல், அதில் மீன் கழிவும் சாணமும் போட்டு மண்ணாக்கி, கைப்பிடி நிலத்தில் பரம்பரையாக விளைவிக்கிறார்கள். பாத்திக்கு நடுவே நிற்கும் பாட்டியிடம் எங்கள் ஊரிலும் இதுதான் என்று சொல்லிப் பாருங்கள், உரிக்கும் சலிப்பு உட்படப் பேச்சு ஓடும்.

பக்கத்தில் வோ கிராமத்தில் கேப் செயின்ட் பால் கலங்கரை விளக்கம். தென்னையைக் கொல்லும் ஒரு வாடல் நோய்க்குக் கானாவில் இந்த முனையின் பெயர்தான். 1932இல் இங்கேதான் கானாவில் முதலில் கண்டார்கள். கேட்டா சந்தை நான்கு நாளுக்கு ஒரு முறை கூடும், எந்த நாள் என்று ஹோவிலேயே கேட்டு வையுங்கள். கடலில் இறங்காதீர்கள், அடிநீரோட்டம் இழுத்துப் போகும்.

இப்போது நவம்பர் முதல் சனிக்கிழமை. அன்லோகாவில் ஹோக்பெட்சோட்சோ திருவிழா. அன்லோ எவே மக்கள் இன்றைய டோகோவிலுள்ள நோட்சியேயில் அகோகொலி என்ற கொடிய அரசனின் மதிலுக்குள் வாழ்ந்தார்கள். மதில் தடிமனான மண்சுவர். பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை எல்லாம் தினமும் ஒரே இடத்தில் ஊற்றி ஊறவைத்தார்கள். ஒரு ராத்திரி மற்றவர்கள் மேளம் அடித்து ஆடிக்கொண்டிருக்க, இளகிய இடத்தை உடைத்து வெளியேறினார்கள். கடைசியாக வந்தவர்கள் பின்பக்கமாகவே நடந்தார்கள், காலடித் தடத்தைப் பார்க்கிறவனுக்கு ஊருக்குள் யாரோ வந்தது போலத் தோன்ற. இந்த வெளியேற்றத்தை நினைவுகூரும் விழா 1962இல் தொடங்கியது. அந்தப் பின்னடி நடை ஹுசாகோ ஆட்டத்தில் இன்றும் வருகிறது. தலைவர்கள் பல்லக்கில் வர, அக்பட்ஜா மேளம் தொடங்கும். அது முன்பு போர் ஆட்டம், இப்போது எல்லோருக்கும். முதுகை லேசாக வளைத்து, தோளைப் பின்னால் தள்ளித் தள்ளி ஆடுகிறார்கள். கூப்பிட்டால் போய் ஆடுங்கள். ஆடத் தெரியாத வெளியூர்க்காரருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

சாப்பாடு

அக்ப்லே என்பது சோளமாவும் மரவள்ளியும் கிண்டிய களி. அதோடு ஃபெட்ரி டெட்சி, வெண்டைக்காய்ச் சாறு, நண்டும் மீனும் போட்டது. கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். வலது கையால் பிய்த்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். களி தின்றவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை.

சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் பாடுதான். 'மீன் இல்லாமல்' என்று கேட்டால் மீன் துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை அப்படியே கொடுப்பார்கள். கறுப்பு மிளகாய்த் துவையல் ஷிட்டோவிலும் கருவாட்டுப் பொடி இருக்கும். நம்பிச் சாப்பிட ஏற்றது 'ரெட் ரெட்': காராமணியைச் செம்பனை எண்ணெயில் வேகவைத்து, பொரித்த வாழைப்பழத்தோடு தருவது. அதிலும் கருவாடு போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். அவித்த யாம் கிழங்கு, வறுத்த வேர்க்கடலை, வாழைப்பழம், அன்னாசி எங்கும் கிடைக்கும். ஊறுகாய் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்.

திரும்பிய பிறகு

கேட்டாவிலிருந்து அக்ராவுக்கு சோகாகோபே பாலம் வழியாக நாலு மணி நேரம். விமானத்துக்கு முந்தின நாளே அக்ரா வந்து சேருங்கள், வண்டி நிரம்பும் நேரம் உங்கள் கையில் இல்லை. மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு செக்-இன் செய்துவிடாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வையுங்கள்.

ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், சாதாரண வைரல் என்று பாராசிட்டமாலில் நாளைக் கடத்தாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. டாக்டரிடம் முதல் வாக்கியமே "மேற்கு ஆப்பிரிக்கா போய்வந்தேன்" என்பதாக இருக்கட்டும். அவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.